எத்தனை எழுத்து?



ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல் ஒன்று வேண்டும். மூன்றாம் எழுத்து 'ஏ' ஆக இருத்தல் வேண்டும். 'டி' எங்கேனும் ஒளிந்திருக்கலாம். 'ஈ' தலைகாட்டவே கூடாது. இப்படியொரு கேள்வியை முன்னாளில் யாரேனும் நம் பண்ருட்டிப் பக்கத்து வீடுகளில் கேட்டிருந்தால், கேட்டவரை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ நாம் சந்திக்கச் சென்ற இல்லங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பிள்ளைகள் கைப்பேசியைக் குனிந்து பார்த்தபடி இதே கேள்வியில் ஆழ்ந்திருக்கக் கண்டோம். 'வேர்டில்' என்பது அவ்விளையாட்டின் பெயர். நாளொன்றுக்கு ஒரே சொல். அதைக் கண்டுபிடிக்க ஆறு வாய்ப்புகள். எழுத்தும் இடமும் சரியானால் கட்டம் பச்சையாகும். எழுத்து உண்டு, இடம் வேறு என்றால் மஞ்சள். இல்லவே இல்லை என்றால் சாம்பல் நிறம். ஜோஷ் வார்டில் என்னும் கணினிப் பொறியாளர் தம் துணைவியாரின் பொழுதுபோக்கிற்கென அமைத்து, 2021 அக்டோபரில் உலகிற்கு விட்டார். நான்கு மாதங்கள் நிறைவதற்குள் 'நியூயார்க் டைம்ஸ்' நாளேடு அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

இதில் நம் கவனத்தைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 12,000 தேறினவாம். அவற்றுள் மக்கள் அறிந்தவை எவை, அறியாதவை எவை என்று பிரித்து, ஏறத்தாழ 2,500 ஆகக் குறைத்தவர் அத்துணைவியாரே. பலக் ஷா என்பது அவர் பெயர். அரிசி புடைக்கும் முறத்தைப்போல் அவருடைய நினைவு வேலை செய்திருக்க வேண்டும்.

பிள்ளைகளின் ஆர்வத்தைக் குறைகூற நாம் இதை எழுத வரவில்லை. சொல்லோடு விளையாடுவது பழுதன்று. ஆனால் அவர்களிடம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தோம். "பண்ருட்டி என்பதில் எத்தனை எழுத்து?" ஒருவன் மூன்று என்றான். ஒருத்தி விரல்விட்டு ஆங்கிலத்தில் எண்ணி ஏழு என்றாள். ப, ண், ரு, ட், டி என ஐந்து என்பதைச் சொல்ல அங்கு எவருமில்லை. புள்ளி வைத்த எழுத்தையும் ஓர் எழுத்தாக எண்ண வேண்டும் என்பது ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதுமையாக இருக்கிறது. நாவுக்கு அது அரை மாத்திரைதான். ஆனால் கட்டத்தில் முழு இடம் பிடிக்கும்.

அன்றிலிருந்து நமக்கே இது ஒரு பழக்கமாகிவிட்டது. பேருந்தில் செல்லும்போது ஊர்ப் பலகைகளை எண்ணிக்கொண்டு செல்வோம். கடலூர் தமிழில் நான்கு எழுத்து, ஆங்கிலத்தில் ஒன்பது. நெய்வேலி நான்கு, அங்கே ஏழு. சிதம்பரம் ஆறு, அங்கே பதினொன்று. விருத்தாசலம் ஏழு, இரயில் நிலையப் பலகையின் ஆங்கிலத்திலோ பதின்மூன்று! தமிழ் ஒலிக்கு ஒத்தவாறு ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்ற வேண்டுமெனத் தமிழக அரசு 2020-ஆம் ஆண்டில் 1,018 ஊர்களுக்கு ஆணை வெளியிட்டதும், கோயம்புத்தூரின் ஆங்கில எழுத்துகள் பதினான்காக நீண்டதைக் கண்டு பலரும் திகைத்ததும், சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டதும் வாசகர்கள் அறிந்ததே. தமிழில் அது ஏழெழுத்துக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஊர்.

நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு புதிர் உண்டு. தமிழ் இலக்கணப்படி 'ண்' என்னும் மெய்யை அடுத்து ரகரம் வருவதற்கில்லை. வந்திருக்கிறது என்றால் நடுவில் ஏதோ உதிர்ந்திருக்கிறது என்று பொருள். 'பண் உருட்டி' என்பதே பண்ருட்டி ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வது இதனால் பொருத்தமாகிறது. உதிர்ந்தது அந்த உகரம்.

ஆங்கிலத்தின் ஐந்தெழுத்துச் சொற்களைத் தேடும் பிள்ளைகளுக்கு நாம் ஒரு சிறு சவாலும் வைத்தோம். அவற்றுள் நம் நாட்டிலிருந்து போனவை எவை? 'கறி' அங்கே 'கர்ரி' ஆகி ஐந்தெழுத்துடன் நிற்கிறது. 'மேங்கோ' நம் மாங்காய். போர்த்துக்கேயரின் கப்பலேறிப் போனது. 'கொப்ரா'வும் 'பீட்டல்' என்னும் வெற்றிலையும் மலையாளக் கரையிலிருந்து சென்றவை, இரண்டும் ஐந்தெழுத்தே. ஓரெழுத்து கூடினால் 'அனிகட்' கிடைக்கும். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டத்து வயல்களுக்குக் கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து தண்ணீர் பெறும் உழவர்க்கு அது நம் 'அணைக்கட்டு' என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கொடுத்த கணக்கோடு வாங்கிய கணக்கையும் சொல்லிவிட வேண்டும்: நம் தோப்புகளை நிறைத்திருக்கும் முந்திரி பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்த மரம்.

எழுத்தை வைத்துச் சொல்லைத் தேடும் வேலை தமிழுக்குப் புதிதா? பழைய நிகண்டுகள் செய்யுளில் அமைந்தவை. மனப்பாடம் செய்தவனுக்கே பயன்படும். ஆயினும் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதியில் பல பொருள் தரும் ஒரு சொற்கள் எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தின் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. 1594-ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தார். 'அகராதி' என்னும் பெயரே அகரத்தை ஆதியாகக் கொண்டது என்னும் பொருளுடையதன்றோ!

அதற்குப் பின் வந்தவர் வீரமாமுனிவர். ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த அந்த இத்தாலிய நாட்டுக் குருவானவர் 1732-இல் முடித்த சதுரகராதியைப் பற்றி நம் மக்கள் பெருமையோடு பேசுவதுண்டு. புரட்டிப் பார்த்தவர் குறைவு. பெயர், பொருள், தொகை, தொடை என அது நான்கு பிரிவாக அமைந்தது. நான்காவதாகிய தொடையகராதியே நம் பொருளுக்கு நெருங்கியது. செய்யுள் எழுதுவோன் எதுகைக்குச் சொல் கிடைக்காமல் தவிக்கும்போது திறந்து பார்ப்பதற்கென அமைக்கப்பட்டது அது. குறித்த இடத்தில் குறித்த எழுத்து வரும் சொற்கள் எவை என்று கேட்டால் விடை தரும் நூல். இன்று கணினி அதே வேலையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது. அவர் ஓலையில் செய்தார்.

ஓலை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. குத்தினால் ஓலை கிழியும். எனவே 'க்' என்பதும் 'க' என்பதும் ஒரே வடிவம். எகரம் குறிலா நெடிலா என்பதும் தெரியாது. ஒகரத்துக்கும் அதே கதி. படிப்பவன் ஒவ்வொரு வரியிலும் விடுகதை அவிழ்த்தவாறே செல்ல வேண்டியிருந்தது. ஏகாரத்திற்கும் ஓகாரத்திற்கும் இன்று நாம் எழுதும் தனி வடிவங்களை ஏற்படுத்தியவர் வீரமாமுனிவர் என்பர். ஒரு சுழி, ஒரு கோடு, அவ்வளவே. அதனால் எத்தனை பிழைபட்ட வாசிப்புகள் ஒழிந்தன!

எழுத்துக்கு இத்தனை எண்ணம் கொடுத்தவர்கள் நம்மவர் மட்டுமல்லர். திருப்பாடல் 119-இல் 176 வசனங்கள் இருப்பதேன் என்று மறைக்கல்விப் பிள்ளைகள் சலித்துக்கொள்வதுண்டு. எபிரேய எழுத்துகள் 22; எழுத்துக்கு எட்டு வசனம்; பெருக்கிப் பார்த்தால் கணக்குச் சரியாகும். குருமடத்தில் நமக்கு இலத்தீன் கற்பித்த பெரியவர், பொம்பேயி நகரின் இடிபாடுகளில் கிடைத்த ஐந்துக்கு ஐந்து எழுத்துச் சதுரத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஐந்து சொற்கள், ஒவ்வொன்றும் ஐந்தெழுத்து. இடவலமும் வலஇடமும் மேல்கீழும் கீழ்மேலும் எப்படிப் படித்தாலும் அதே சொற்கள். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பல் மூடுவதற்கு முன் யாரோ பொழுதுபோகாமல் சுவரில் கீறியது. அதைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்த ஒரு மாணவன், சதுரம் குலைந்துவிடுகிறதே என்று வருந்தினான். ஒவ்வொரு மொழிக்கும் கட்டம் வேறு.

இவ்விளையாட்டுக்குக் கசப்பான பக்கமும் இருந்தது. எழுத்தையும் சொல்லையும் நிரப்பி அனுப்பினால் பெரும்பணம் என்று ஆசைகாட்டிய போட்டிகள் ஒரு காலத்தில் நாடெங்கும் பெருகின. நுழைவுக் கட்டணம் அனுப்பியே குடும்பச் செலவைக் கரைத்தவர்கள் உண்டு. 1955-ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம் மாதத்திற்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது, போட்டி ஒன்றுக்கு 2,000 விடைத்தாள்களுக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்திய பின்னரே அது அடங்கிற்று. அதை இவ்வளவோடு விடுவோம். நாம் சொல்ல வந்தது வேறு.

2022-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த முந்திரி விவசாயி ஒருவர், எழுபதைக் கடந்தவர், பக்கவாதத்தால் படுத்துவிட்டார். வலப்பக்கம் அசைவற்றது, நா முற்றிலும் கட்டிப்போயிற்று. ஆனால் அறிவு தெளிவாகவே இருந்தது. கண்களைப் பார்த்தவர் எவருக்கும் அது விளங்கும். அவர் இடக்கையின் நான்கு விரல்களை உயர்த்திக் காட்டிக்கொண்டே இருந்தார். நான்கு பிள்ளைகளையும் அழைக்கிறார் என்று எண்ணி வெளியூரிலிருந்தவர்களையும் வரவழைத்தனர். அவர் தலையை அசைத்துவிட்டு மறுபடியும் நான்கு விரல். நான்கு மணிக்கு மருந்து கேட்கிறாரோ என்றனர். அதுவுமில்லை.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்தி ஒருத்தி அவ்வீட்டில் உண்டு. நாம் சொன்ன ஐந்தெழுத்து விளையாட்டில் ஊறியவள். மூன்றாம் நாள் அவளே கேட்டாள்: "தாத்தா, நாலு எழுத்தா?" பெரியவர் கண்களை இறுக மூடித் திறந்தார், கண்ணோரம் நீர் வழிந்தது என்று பாட்டி பின்னர் நம்மிடம் கூறினார்.

தண்ணீர், மருந்து என்று நான்கெழுத்துச் சொற்களை வீட்டார் அடுக்கத் தொடங்கினர். பேத்தி அவர்களை நிறுத்திவிட்டு, கடையில் விற்கும் அரிச்சுவடி அட்டையை வாங்கிவரச் செய்தாள். தமிழில் எழுத்து 247. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு சொல்லுக்கு ஒரு பகல் போதாது. அவள் செய்தது இதுதான்: உயிரா, வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்று முதலில் கேட்பாள். வல்லினம் என்று கண் மூடினால் அந்த ஆறு எழுத்துகளை மட்டும் சொல்வாள். எழுத்து கிடைத்ததும், புள்ளியா, குறிலா, நெடிலா என்பாள். நெடில் என்றால் ஏழு. குறில் என்றால் ஐந்து. நாம் வீட்டுக்கு வந்து கணக்கிட்டுப் பார்த்தோம். எந்த எழுத்தானாலும் இருபது கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தின் 26 எழுத்தை வரிசையாகச் சொல்லிச் செல்வதைவிடக் குறைவு! வல்லினம், மெல்லினம் என்று பிரித்துவைத்த நம் முன்னோர் படுக்கையில் கிடக்கும் ஒரு நோயாளியை நினைத்திருக்கமாட்டார்கள். ஆயினும் பயன்பட்டது.

பிரான்சு நாட்டுப் பத்திரிகை ஆசிரியர் ழான் தொமினிக் போபி 1995-இல் இதே நிலைக்கு ஆளாகி, இடக்கண் இமையொன்றே அசையும் நிலையில், மற்றொருவர் எழுத்துகளை வரிசையாய்ச் சொல்ல, இமைத்து இமைத்தே ஒரு நூலை எழுதி முடித்தார். 1997-இல் அது வெளிவந்தது. பிரெஞ்சு மொழியில் எந்த எழுத்து மிகுதியாக வருமோ அது முதலில் வருமாறு அவருக்கு வரிசை அமைத்தனர். நம் பண்ருட்டிச் சிறுமி அதைக் கேள்விப்பட்டவள் அல்லள்.

அந்த நான்கெழுத்துச் சொல் எது தெரியுமா? கண்ணாடி. மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற அவசரத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி யாரோ பையில் போட்டுவிட்டனர். மூன்று நாட்களாக முகங்கள் மங்கலாகத் தெரியப் படுத்திருந்திருக்கிறார் மனிதர்.

கண்ணாடி வந்த மறுநாளே மூன்று விரலை உயர்த்தினார். வல்லினம், த, குறில், அ. அடுத்தது மெல்லினம், ம, புள்ளி. அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர்.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் நம் பகுதியைச் சூறையாடியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே விடியலில் வேரோடு சாய்ந்தன. அப்பெரியவருக்கும் அவர் தம்பிக்கும் பொதுவான வரப்பின்மேல் ஒரே ஒரு பலா மட்டும் தப்பி நின்றது. எல்லாம் இருந்தபோது அந்த மரம் யாருடையது என்று இருவரும் கேட்டதில்லை. எல்லாம் போனபின் கேட்டனர். நில அளவையர் வந்தார், கல் நட்டனர், கல்லைப் பிடுங்கினர். பத்தாண்டுகளாக அண்ணனும் தம்பியும் பூசைக்கு வந்தால் கோயிலின் இரு பக்கத்தில் நிற்பார்கள். நாம் பேசிப் பார்த்ததுண்டு. நமக்கு முன்னிருந்த பங்குத்தந்தையும் பேசிப் பார்த்திருக்கிறார்.

தம்பிக்குச் செய்தி சொல்ல மகன்களுக்கு மனமில்லை. பாட்டியே பேத்தியின் கைப்பேசியை வாங்கிப் பேசினார். அடுத்த ஞாயிறு பிற்பகல் அவர் வந்தார். நோயாளிக்கு நற்கருணை கொண்டுசென்ற நாமும் அப்போது அங்கிருந்தோம். வந்தவர் கட்டிலுக்கு எதிரே நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். தோள் துண்டை எடுக்கவில்லை.

பெரியவர் கண்ணாடி வழியே தம்பியை நெடுநேரம் பார்த்துவிட்டு ஐந்து விரலையும் விரித்தார். பேத்தி கேட்டாள். வல்லினம். ப. குறில். அகரம்.

அவ்வளவில் மூத்த மருமகள் பொறுமையிழந்து, "மாமா, கடைசி எழுத்து 'ம்' தானே?" என்றார். கண் மூடித் திறந்தது. "அதுக்கு முந்தினது 'ர' தானே?" அதற்கும் ஆம். ஐந்தெழுத்து, முதலில் ப, முடிவில் ரம். மூத்த மகன் எழுந்து நேரே பீரோவைத் திறந்து நிலப் பத்திரத்தை எடுத்துவந்து கட்டிலின்மேல் வைத்தார். பத்திரம்! கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது? தம்பியின் முகம் இறுகிற்று. நாற்காலி பின்னுக்கு நகரும் ஓசை கேட்டது.

"இருங்க சின்னத் தாத்தா. ரெண்டாம் எழுத்து இன்னும் வரலை" என்றாள் சிறுமி. அவளுடைய குரலில் பதற்றமில்லை; கட்டம் நிரம்பாமல் விடை சொல்லக் கூடாதென்ற விளையாட்டு ஒழுங்கு மட்டுமே இருந்தது. அவள் தாத்தாவின் பக்கம் திரும்பினாள். வல்லினமா? கண் அசையவில்லை. மெல்லினமா? இல்லை. இடையினம். ய, ர, ல என்று சொல்லும்போது லகரத்தில் கண் மூடிற்று. புள்ளியா, குறிலா, நெடிலா? நெடில். ஆ.

"பலா..." என்று முதலில் சொன்னவர் தம்பியே.

பலாமரம். எண்ணிப் பாருங்கள், அதுவும் ஐந்தெழுத்துத்தான். முதலில் ப, முடிவில் ரம். பெரியவர் மீண்டும் நான்கு விரலை உயர்த்தினார். உயிரெழுத்து; உ. அடுத்தது மெல்லினம், ன, குறில், அகரம். அதற்குமேல் தம்பி கேட்க விடவில்லை. "வேணாம் அண்ணா. அது நடுவுலயே நிக்கட்டும்" என்று அந்த இடக்கையைப் பிடித்து விரல்களை மடக்கிவிட்டார். மூத்த மகன் பத்திரத்தைத் திரும்பப் பீரோவில் வைக்கும்வரை நாம் எதுவும் பேசவில்லை. பேச ஏதுமிருந்ததாகவும் தோன்றவில்லை.

அவ்வாண்டு ஆனி மாதத்தில் அந்த மரத்துப் பழம் இரு வீட்டுக்கும் போயிற்று; சில சுளைகள் நம் பங்கு இல்லத்துக்கும் வந்தன. பெரியவர் மேலும் ஏழு மாதம் உயிரோடிருந்தார். தாத்தா சொன்ன சொற்களையெல்லாம் பேத்தி ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டமிட்டு எழுதி வைத்திருக்கிறாள். அடக்கச் சடங்கு முடிந்து சில நாட்கள் கழித்து அதை நம்மிடம் காட்டினாள். கண்ணாடி, தம்பி, பலாமரம் எல்லாம் முதல் பக்கத்தோடு சரி. இவ்விளையாட்டில் ஓர் எழுத்து எத்தனை முறை வருகிறதென்று எண்ணிப் பழகியவள் ஆதலால், எந்தச் சொல் அதிகம் வந்ததென்றும் எண்ணி வைத்திருந்தாள். மூன்றெழுத்து. உயிரில் தொடங்கும், நடுவில் வல்லினப் புள்ளி. உப்பு! மருத்துவர் குறைக்கச் சொல்லியிருந்தார். மருமகளோ அதில் மிகவும் கண்டிப்பானவர்.